எட்டுக் கிழமைச் சம்பளம்

"அன்ரி, இது சம்பளம் இருக்கிற வேலைதானே?"

நான் கேட்கவேண்டியதெல்லாம் கேட்டு முடித்து, "உமக்கு ஏதும் கேட்க இருக்கா தம்பி?" என்றபோது அந்தப் பிள்ளை கேட்டது இது ஒன்றுதான். கேட்டுவிட்டு மேசையில் கிடந்த தன் றெசுமேயையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டது பிழையோ என்ற யோசனை முகத்தில் தெரிந்தது. "ஓம், சம்பளம்தான். மணித்தியாலத்துக்கு 17 டொலர் 20 சதம். கிழமைக்கு 35 மணித்தியாலம். எட்டுக் கிழமை" என்றேன். வாய்க்குள்ளேயே கணக்குப் பார்த்தான். நான் எத்தனையோ தரம் பார்த்த கணக்குத்தான் அது. கழிவுகளுக்கு முன் 4,816 டொலர்.

இது போன மே மாதம் நடந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசம் முடித்திருந்தான். தாய்க்குப் பொதி கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை. தகப்பன் டெலிவரி வான் ஓடுகிறார். கீழே இரண்டு தங்கச்சிமார். ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழ் எடுக்க ஒவ்வொரு பிள்ளையும் 40 மணித்தியாலம் சமூகத்தொண்டு செய்து காட்டவேண்டும். அந்த 40 மணித்தியாலத்தையும் எங்கள் உணவு வங்கியில்தான் அவன் செய்தான். நல்ல பிள்ளை, ரின் சாமான்களைத் திகதி பார்த்து அடுக்கத் தெரிந்த பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபிறகு ஆளைக் காணவில்லை. 40 மணித்தியாலம் முடிந்தது, இனி எதற்கு என்று நினைத்துவிட்டான் போல என்று நானும் விட்டுவிட்டேன். உண்மையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு கடையில் காசாளராக நின்றிருக்கிறான். நேர்முகத்துக்கு வந்த அன்றுதான் அதை எனக்குச் சொன்னான்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சின்னத் தொண்டு நிலையத்தில் வேலை செய்கிறேன். முழுநேரம் நான் ஒருத்தி, பகுதிநேரம் இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாம் தொண்டர்கள். முதியோருக்குப் பகல்நேர ஒன்றுகூடல், கிழமைக்கு இரண்டு நாள் உணவு வங்கி, கோடையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு முகாம். இவ்வளவுதான் நாங்கள் செய்வது. ஒவ்வொரு வருசமும் குளிர் தொடங்கும்போது நான் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதுவேன். கனடா சமர் ஜொப்ஸ். 2026ஆம் ஆண்டுக்கானதைப் போன கிழமைதான் அனுப்பி முடித்தேன். கை சூடாக இருக்கும்போதே இதையும் எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். எங்கள் ஆட்களில் கனபேர் இந்தத் திட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

அது இப்படித்தான். காசு மத்திய அரசின் காசு. 15 வயது முதல் 30 வயது வரையான ஒரு பிள்ளையைக் கோடையில் வேலைக்கு வைத்தால், இலாப நோக்கில்லாத அமைப்பு என்றால், மாகாணத்தின் ஆகக்குறைந்த சம்பளம் முழுவதையும் அரசாங்கமே தரலாம். முதலாளி கட்டவேண்டிய பென்சன் பங்கு, வேலையிழப்புக் காப்புறுதிப் பங்கு போன்றவற்றுக்கும் தருவார்கள். ஐம்பது முழுநேர வேலையாட்களுக்கு மேல் இல்லாத தனியார் நிறுவனங்களும் கேட்கலாம், ஆனால் அவர்களுக்குப் பாதிதான். முந்தி முழுநேர மாணவர்கள் மட்டும்தான் சேரலாம். 2019இல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். என்றாலும் எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலும் கம்பஸ் பிள்ளைகள்தான். ஏப்ரலில் பரீட்சை முடித்துக்கொண்டு, செப்டெம்பருக்குள் கட்டணத்துக்குக் காசு சேர்க்கவேண்டிய பிள்ளைகள்.

நாங்கள் எழுதியதை சேர்விஸ் கனடா என்கிற மத்திய அரசு அலுவலகத்தில் படித்துப் புள்ளி போடுவார்கள். தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடமும் பட்டியல் போய் வரும். பதில் வர வசந்தகாலம் ஆகும். போன வருசம் நாங்கள் நான்கு பேர் கேட்டோம், இரண்டு பேருக்குக் காசு கிடைத்தது. அந்த இருவரைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். பெயர் போட மாட்டேன். தம்பி, தங்கச்சி என்றே சொல்கிறேன்.

தம்பிக்கு நாங்கள் கொடுத்த வேலை முதியோருக்கு ஃபோன் பழக்குவது. கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். எங்கள் ஒன்றுகூடலுக்கு வருகிற அம்மம்மா ஒருவர், 78 வயது, பருத்தித்துறையில் இருக்கிற தன் தங்கச்சியை வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கவேண்டும் என்று இரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். மகன் நல்ல ஃபோன்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மகனுக்கு நேரம் இல்லை, பேரப்பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. நான் இரண்டு மூன்று தரம் காட்டிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போனால் மறந்துவிடும், அல்லது திரையில் இருந்த படங்கள் எல்லாம் ஆடத் தொடங்கி ஏதோ ஒன்று காணாமல் போய்விடும். "எனக்கு இது சரிவராது பிள்ளை" என்று ஃபோனைக் கைப்பைக்குள் போட்டுவிடுவார்.

தம்பி முதல் நாள் அவருக்கு ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, "அன்ரி, அவ அமத்திப் பிடிக்கிறா. தொட்டுட்டு எடுக்கிறேல்ல. அதுதான் எல்லாம் ஆடுது" என்றான். அப்புறம் விரல்நுனி வரண்டிருப்பதால் சில நேரம் தொடுகிறதும் திரைக்குத் தெரிவதில்லை என்றான். தெரியாதபோது அவர் இன்னும் அழுத்துகிறார். அழுத்தினால் படங்கள் ஆடுகின்றன. நான் இரண்டு வருசமாக அவருக்கு எந்தப் படத்தைத் தொடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படித் தொடவேண்டும் என்று சொல்லவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் ஒரு சின்னப் போத்தல் கைக்கிறீம் கொண்டுவந்தான். மெதுவாகத் தொட்டு எடுக்கச் சொன்னான். அவருக்கு அந்த அளவு பிடிபடவில்லை. கடைசியில் அம்மம்மாவே கேட்டார்: "தோசைக்கல்லுச் சூடு பார்க்கிற மாதிரியோ?" அதேதான். தோசைக்கல்லில் யாரும் விரலை அமத்திப் பிடிப்பதில்லையே. அன்றைக்கு அந்த மேசையில் இருந்த ஆறு பேரும் தோசைக்கல்லைத் தொட்டுத் தொட்டு எடுத்தார்கள். ஜூலை கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பருத்தித்துறையில் இரவு ஏழரை, அந்தத் தங்கச்சியின் முகம் திரையில் வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு அங்கிருந்து முதலில் வந்த கேள்வி, "என்னக்கா, மெலிஞ்சு போனாய்?"

எட்டுக் கிழமையில் அவன் இருபது பேர் வரைக்கும் பழக்கியிருப்பான். ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பித் தாள். பெரிய எழுத்தில் தமிழில், பச்சைப் படத்தைத் தொடு, மேலே இருக்கும் கமராப் படத்தைத் தொடு என்று எழுதி, பக்கத்தில் தானே கீறின படம். அவனுடைய தமிழ் எழுத்து சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து எழுத்து, ஐந்தாம் வகுப்போடு நின்றது. "ள"வுக்கும் "ல"வுக்கும் சண்டைதான். அம்மம்மாமார் திருத்திக் கொடுத்தார்கள்.

தங்கச்சியின் கதை வேறு. அவள் கடிதம் வாசிக்கிறவள். எங்கள் முதியோர் எல்லாரிடமும் ஒரு பிளாஸ்ரிக் பை இருக்கும். அதற்குள் அரசாங்கத்திலிருந்து வந்த கடிதங்கள், சில பிரிக்கப்படாமலே. "இது என்ன பிள்ளை, குப்பையில போடலாமோ?" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். ஜூலை மாதத்தில் இது கூடும். வருமானம் குறைந்த முதியோருக்கு பென்சனோடு சேர்த்து வருகிற ஜி.ஐ.எஸ் என்கிற காசு ஜூலையில் புதுப்பிக்கப்படுவது. முந்தின வருசத்து வருமான வரிக் கணக்கைப் பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள். கணக்குக் கொடுக்காமல் விட்டவர்களுக்கு ஜூலையில் அந்தக் காசு நின்றுவிடும். வாடகைக்கு அந்தக் காசை நம்பியிருக்கிறவர்களுக்கு அது பெரிய இடி.

போன ஜூலையில் ஒரு ஐயா வந்தார், மனைவி போன வருசம் காலமானவர். வரிக் கணக்கு எல்லாம் மனைவிதான் பார்த்தவர். காசு குறைந்துவிட்டது என்று வங்கியில் போய்ச் சண்டை பிடித்திருக்கிறார். தங்கச்சி அவருடைய பையை மேசையில் கொட்டி, கடிதங்களைத் திகதி வரிசையில் அடுக்கி, நான்காவது கடிதத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தாள். அவரை எங்கள் தொண்டர் வரிக் கணக்குக்காரரிடம் அனுப்பி வைத்தோம். அதோடு அவள் விடவில்லை. "அக்கா, இவருக்கு நடந்தது மற்ற ஆக்களுக்கும் நடந்திருக்கலாம்தானே?" என்று கேட்டு, எங்கள் பட்டியலில் இருந்த 140 பேருக்கும் ஒவ்வொருவராக ஃபோன் எடுத்தாள். தனியாக இருக்கிறவர்களுக்கு முதலில். இன்னும் மூன்று பேர் அதே நிலையில் இருந்தார்கள். அதில் ஒருவர் காசு நின்றதையே கவனிக்கவில்லை, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இருந்தார்.

140 பேருக்கு ஃபோன் எடுக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு அம்மாவோ ஐயாவோ கடிதத்தைத் தேடி எடுக்கவே கால் மணித்தியாலம் ஆகும். அதற்கு முன்னால் நீ யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும். தங்கச்சிக்குத் தொடக்கத்தில் தமிழில் ஃபோனில் கதைக்கக் கூச்சம். வீட்டில் கேட்டு விளங்கும், பதில் ஆங்கிலத்தில் சொல்லுவாள். இரண்டாம் கிழமை நான் அவளுக்கு ஒரு தாளில் முதல் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் கிழமை அந்தத் தாள் அவளுடைய மேசையில் இல்லை. தொண்டர்களை வைத்து இந்த வேலையைச் செய்யமுடியுமா என்று கேட்டால், முடியாது. எங்கள் தொண்டர்கள் பொன்னானவர்கள், ஆனால் ஒருவர் செவ்வாய் இரண்டு மணித்தியாலம், இன்னொருவர் வியாழன் மூன்று மணித்தியாலம். ஒரே ஆள் தினமும் வந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினால்தான் 140 முடியும். தினமும் வருகிறவருக்குச் சாப்பாடும் பஸ் காசும் வேண்டும்.

இலவசமாக வேலை பழகலாம் என்று சொல்கிற இடங்கள் நிறைய உண்டு. அனுபவம் கிடைக்கும், றெசுமேயில் போடலாம் என்பார்கள். யார் போகமுடியும்? கோடை முழுக்கச் சம்பளம் இல்லாமல் இருக்க வசதி உள்ள வீட்டுப் பிள்ளை போகமுடியும். நாலைந்து வருசம் கழித்து சமூக சேவைத் துறையில் நல்ல வேலை ஒன்று வரும்போது, "முன் அனுபவம்" என்ற பெட்டியில் எழுத அந்தப் பிள்ளைக்கு ஏதாவது இருக்கும். கடையில் நின்ற பிள்ளைக்கு இருக்காது. ஆனால் 140 பேருடைய பிளாஸ்ரிக் பையை விளங்கிக்கொள்ளக்கூடியது யார்? அம்மா இரவு வேலைக்குப் போய் வருகிற வீட்டில், பத்து வயதிலிருந்தே வீட்டுக் கடிதங்களை வாசித்துச் சொன்ன பிள்ளைதான். நான் நேர்முகம் செய்யும்போது அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் தேடுகிறேன். இந்த எட்டுக் கிழமைச் சம்பளம் இல்லாவிட்டால் அவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து இருக்கமாட்டார்கள்.

2020ஆம் ஆண்டு கோடை உங்களுக்கு நினைவிருக்கும். கோவிட் நேரம் மாணவர்களுக்கு வேலை இல்லை என்று மத்திய அரசு ஒரு புதுத் திட்டம் அறிவித்தது. தொண்டு வேலை செய்கிற மாணவர்களுக்கு உதவித்தொகை. 100 மணித்தியாலத்துக்கு 1,000 டொலர், ஆகக்கூடியது 5,000 டொலர். அதாவது மணித்தியாலத்துக்குப் பத்து டொலர். அப்போது ஒன்ராறியோவில் ஆகக்குறைந்த சம்பளம் 14 டொலர். திட்டத்தை நடத்த ஒரு தொண்டு நிறுவனத்திடம் கொடுத்தது பெரிய அரசியல் பிரச்சினையாகி, ஜூலை தொடக்கத்திலேயே அந்த நிறுவனம் விலகி, திட்டமும் நடக்காமல் போனது. பத்திரிகைகள் எல்லாம் யார் யாருக்கு வேண்டியவர் என்பதைப் பற்றித்தான் எழுதின. அது தேவையான விசாரணைதான். ஆனால் எனக்கு அந்தப் பத்து டொலர்தான் நெஞ்சில் குத்தியது. வேலை என்று சொன்னால் 14 கொடுக்கவேண்டும், தொண்டு என்று சொன்னால் பத்தோடு விடலாம். செய்வது ஒரே வேலை.

அதே கோடையில் சமர் ஜொப்ஸ் திட்டத்தில் செய்த மாற்றங்கள் நல்லவை. பகுதிநேரமாக வைக்கலாம் என்றார்கள், 2021 பெப்ரவரி முடியும் வரை நீட்டினார்கள். எனக்கு இந்த வேலையில் மறக்கமுடியாத குளிர்காலம் அதுதான். 2020 நவம்பரில் ஒரு மாணவியை எடுத்தோம், கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலம். தன் வீட்டிலிருந்தே முதியோருக்கு ஃபோன் எடுப்பாள். மருந்து முடிந்ததா, சாமான் யார் வாங்கித் தருகிறார்கள், நெஞ்சு நோகிறதா. பாடங்களும் இணையத்தில்தான், இரண்டுக்கும் நேரம் பொருந்தியது. பெப்ரவரியோடு காசு முடிந்தது. சரியாக இரண்டு கிழமை கழித்து, மார்ச் நடுவில், 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி பதியும் இணையத்தளத்தை ஒன்ராறியோ திறந்தது. எங்கள் ஆட்களுக்கு இணையத்தில் பதியத் தெரியாது, ஃபோன் வரிசையில் காத்திருந்தால் மணிக்கணக்காகும். அந்தப் பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு எனக்கு அழைத்து, "அக்கா, பட்டியலை அனுப்புங்கோ" என்றாள். சம்பளம் இல்லை என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். இரண்டு கிழமை இரவிரவாகப் பதிந்தாள். நான் அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டேன், எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று வரைக்கும் அது எனக்கு மனதுக்குச் சரியாக இல்லை. அவளுக்கு அந்த மாதம் பரீட்சை.

எட்டுக் கிழமை என்பதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய குறை. விதியில் ஆறு முதல் பதினாறு கிழமை வரை என்று இருந்தாலும், எங்கள் மாதிரி இடங்களுக்குப் பெரும்பாலும் எட்டுத்தான் வரும். முதல் ஒன்றரைக் கிழமை பழக்குவதில் போய்விடும். பாதுகாப்புப் பயிற்சி, இரகசியம் காப்பது பற்றிய விளக்கம், யார் யாருக்கு எந்தக் காது கேட்காது என்பது வரை. முதியோரோடும் பிள்ளைகளோடும் வேலை செய்கிறவர்களுக்குப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும், ஒரு வருசம் அது வர மூன்று கிழமை எடுத்தது. கடைசிக் கிழமை பொறுப்பை ஒப்படைக்கப் போய்விடும். நடுவில் மிஞ்சுவது ஐந்தரைக் கிழமை. பதில் வருகிற நேரமும் இன்னொரு கரைச்சல். பரீட்சை முடிவதற்கு முன்னமே கெட்டிக்காரப் பிள்ளைகள் கோடை வேலையைத் தேடி முடித்துவிடுகிறார்கள். நாங்கள் மேயில் அழைத்தால், "சொறி அன்ரி, வெயார்ஹவுசில சேர்ந்திட்டன்" என்பார்கள். அங்கே சம்பளமும் எங்களைவிடக் கூட. நாங்கள் மேலே இரண்டு டொலர் போட்டுக் கொடுக்கலாம், விதி தடுக்காது. எங்களிடம் அந்த இரண்டு டொலர் இல்லை.

என் பெறாமகள் ஒருத்தி அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் படிக்கிறாள். அங்கே வேர்க்-ஸ்டடி என்று ஒன்று இருக்கிறது. 1964இல், ஜனாதிபதி ஜோன்சன் காலத்தில் வறுமை ஒழிப்புச் சட்டத்தோடு வந்தது. வசதி குறைந்த மாணவர்களுக்குப் படிக்கிற காலத்திலேயே பகுதிநேர வேலை, சம்பளத்தில் வழக்கமாக முக்கால் பங்கு வரைக்கும் மத்திய அரசின் காசு. பல்கலைக்கழகங்கள் அந்தக் காசில் ஆகக்குறைந்தது நூற்றுக்கு ஏழு பங்கைச் சமூகசேவை வேலைகளுக்குச் செலவழிக்கவேண்டும் என்று விதி. அவள் கிழமைக்கு எட்டு மணித்தியாலம், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்குகிறாள். வாசிப்புப் பழக்குகிற வேலைக்கு முழுச் சம்பளத்தையும் மத்திய அரசே தரலாமாம். ஏழு பங்கு என்பது கொஞ்சம், மிச்சம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நூலகம், அலுவலகம் என்று போய்விடுகிறது. ஆனால் செப்டெம்பரில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் ஒரே பிள்ளைக்கு ஒரே ஆள் வந்து வாசிக்கிறதே, அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. எங்களுக்கும் கிழமைக்குப் பத்து மணித்தியாலம், வருசம் முழுக்க ஒரு பிள்ளையைத் தந்தால் போதும். செப்டெம்பரில் ஃபோன் வகுப்பு நிற்காது.

இந்த நாட்டில் இது புதிய யோசனையும் இல்லை. எங்கள் நிர்வாகசபையில் ஒரு அம்மா இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளைக்காரர். 1971இல் பியர் ட்ரூடோ அரசாங்கம் இளைஞர்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியபோது அவருக்கு இருபது வயது. அதில் மாணவர்களே தங்கள் திட்டத்தை எழுதிக் கேட்கலாம். அவரும் நான்கு சிநேகிதிகளும் பூங்காப் பூங்காவாகப் போய்ப் பொம்மலாட்டம் காட்டியிருக்கிறார்கள், அரசாங்கச் சம்பளத்தில். "அந்தக் கோடைதான் என்னை ஆசிரியை ஆக்கியது" என்று ஒவ்வொரு வருசமும் என் விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தும்போது சொல்வார். இப்போதைய சமர் ஜொப்ஸ் 2007இல் வந்தது. 2016இல் வேலைகளின் எண்ணிக்கையை ஏறக்குறைய 35,000இலிருந்து 70,000 ஆக்கினார்கள். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் 2026 கோடைக்கு ஒரு லட்சம் வேலை என்று அறிவித்திருக்கிறார்கள். எண்ணிக்கை கூடுவது நல்லது. கிழமைகளும் கூடவேண்டும்.

எங்கள் பக்கத்திலும் பிழை நடந்திருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஒரு வருசம் எனக்குச் சுகமில்லை. வந்த மாணவனுக்கு வேலை ஒழுங்காக ஒதுக்கவில்லை. எட்டுக் கிழமையும் அரிசிப் பை தூக்குவதும் ஃபோட்டோகொப்பி அடிப்பதுமாகப் போய்விட்டது. உயிரியல் படிக்கிற பிள்ளை, நீரிழிவு பற்றி எங்கள் ஆட்களோடு கதைக்க ஆசைப்பட்டு வந்தவன். கடைசி நாள் நன்றி சொல்லிவிட்டுப் போனான். பிறகு ஒரு நாளும் வரவில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் ஒரு பிள்ளையின் கோடையை வாங்கிவிட்டு அதை வீணாக்கினோம். அதற்குப் பிறகு, யார் பொறுப்பாக இருந்து பழக்குவார், எத்தனை மணித்தியாலம் என்று பெயரும் நேரமும் எழுதாமல் நான் விண்ணப்பம் அனுப்புவதில்லை.

இன்னொரு வேதனை இருக்கிறது. கனடியக் குடிமக்கள், நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்கள், அகதிப் பாதுகாப்புக் கிடைத்தவர்கள், இவர்களைத்தான் இந்தக் காசில் எடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர்களை எடுக்கமுடியாது. போன வருசம் ஒரு பிள்ளை வந்திருந்தாள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருசம். அவளுடைய தமிழைக் கேட்டு அம்மம்மாமார் கதிரையை விட்டு எழும்பி வந்தார்கள். கடிதம் எழுதத் தெரியும், முதியோரோடு கதைக்கத் தெரியும். படிவத்தில் சின் நம்பர் என்கிற சமூகக் காப்புறுதி எண்ணுக்கான இடத்தில் முதல் இலக்கம் 9. தற்காலிகமாக இருக்கிறவர்களுக்குத்தான் ஒன்பதில் தொடங்கும். நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். "பரவாயில்லை அக்கா, எனக்குத் தெரியாமல் வந்திட்டன்" என்று தன் தாள்களை எடுத்துக் கோவைக்குள் வைத்தாள். அவள் கட்டுகிற கட்டணம் இங்கே பிறந்த பிள்ளை கட்டுவதைப்போல எத்தனையோ மடங்கு. வரி கட்டுகிறவர்களின் காசு முதலில் இங்கே நிரந்தரமாக இருக்கிறவர்களுக்கு என்ற நியாயம் எனக்கு விளங்குகிறது. அந்த அகதிப் பாதுகாப்புக்காகவே இன்னும் காத்திருக்கிற பிள்ளைகளையும் சேர்த்து வெளியே நிறுத்துவது மட்டும் எனக்கு விளங்கவில்லை. காத்திருக்கிற வருசங்களில்தானே அவர்களுக்கு ஒரு முதல் வேலை வேண்டும்.

தம்பி ஓகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை போனான். செப்டெம்பர் மூன்றாம் கிழமை அம்மம்மா ஃபோனைக் கொண்டுவந்தார். ஏதோ புதுப்பிப்பு வந்து பச்சைப் படம் இடம் மாறிவிட்டது. தாளில் இருக்கிற இடத்தில் அது இல்லை. நான் எடுத்துக் கொடுத்தேன், ஆனால் அவருக்கு நான் வேண்டாம், "அந்தத் தம்பி எப்ப வருவார்?" என்று கேட்டார். கோடைக்கு என்றேன். "அதுக்கு இன்னும் எவ்வளவு நாள்?" என்றார்.

ஆகவே இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்: வேலை விளம்பரங்கள் வசந்தகாலத்தில் அரசாங்கத்தின் ஜொப் பாங்க் இணையத்தளத்தில் வரும். ஏப்ரல் நடுவிலிருந்து கிழமைக்கு இரண்டு தரமாவது பாருங்கள். உங்கள் பகுதியில் இருக்கிற சின்னச் சின்னச் சங்கங்களுக்கு நேரே ஃபோன் எடுத்தும் கேளுங்கள். சம்பளம் உண்டா என்று முதலிலேயே கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஊர்ச் சங்கம், முதியோர் சங்கம், நூலகம் என்று நடத்துகிற பெரியவர்களுக்கு: உங்கள் அமைப்பு ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தால் நீங்களும் அடுத்த முறை கேட்கலாம். படிவம் நீளம்தான், கேள்விகள் விளங்காமல் விட்டுவிடுகிற அளவுக்குக் கடினம் இல்லை. பிள்ளைக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள் என்று தமிழில் எனக்குச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் எழுத நான் உதவுகிறேன். செவ்வாய், வியாழன் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எனக்கு வசதி. வரும்போது உங்கள் பதிவுப் பத்திரத்தையும், போன வருசக் கணக்கறிக்கையையும் கொண்டுவாருங்கள்.